ஜீப்பின் பின் ஷாஃப்டுக்கு யூ-ஜாயிண்ட் தேர்ந்தெடுத்த அனுபவம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத் தடங்களுக்கு நான் எடுத்துச் செல்லும் ஜீப் ராங்லர் டிஜே, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போதெல்லாம் அடியில் ‘டங்’ என்று தட்டத் தொடங்கியது. படுத்துப் பார்த்தபோது, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டில், அச்சுப் பக்கத்து யூ-ஜாயிண்டின் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ இணைப்பின்) சீல் ஓரத்தில் செம்பொடி படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் துருவாக அரைபடும்போதுதான் அந்தப் பொடி வெளியே வரும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்பதால், முன்பு வைத்திருந்தவர் ஷாஃப்டையே மாற்றியிருக்கக்கூடும் என்று எண்ணி, மாடலைச் சொல்லி வாங்காமல் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். ஸ்பைசர் பிராண்டின் வரிசையில் 1310 என்ற அளவுக்குக் கப்பின் (சிலுவையின் முனையை மூடும் பேரிங் கிண்ணத்தின்) விட்டம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர், எதிரெதிர்க் கப்களின் வெளிமுனைகளுக்கு இடையிலான அகலம் ஏறத்தாழ 82. அடுத்த அளவான 1330-க்குக் கப் அதே 27தான். அகலம் மட்டும் 92. அதற்கும் மேலான 1350-க்கு அகலம் அதே 92, கப் 30. ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் அளந்து கடைக்குப் போனால் தவறான பெட்டியோடு திரும்ப நேரிடும். என்னுடையது 1310.

பெரிய ஜாயிண்டுக்கு மாறினால் என்ன என்ற ஆசை எழாமல் இல்லை. ஆனால் 1330 போட வேண்டுமானால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் கவைகளான யோக்குகளையும் மாற்ற வேண்டும், அல்லது இரு அளவுகளையும் இணைக்கும் 5-134எக்ஸ் போன்ற கலப்பு ஜாயிண்டைத் தேட வேண்டும். அதைவிட முக்கியமாக, பாறையில் சக்கரம் சிக்கி ஏதாவது ஒன்று உடைந்தே தீரும் என்றால், அது அச்சின் பல்சக்கரமாக இருப்பதைவிடக் கையோடு கொண்டுபோகக்கூடிய ஜாயிண்டாக இருப்பதே மேல் என்பது என் கருத்து.

கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உள்ளதா, மூடிய ரகமா என்பதில்தான் நெடுநேரம் யோசித்தேன். நிப்பிள் உள்ள 5-153எக்ஸில் கிரீஸ் பாய்வதற்காக நடுச் சிலுவையான கிராஸைக் குடைந்திருப்பார்கள். அந்த அளவுக்கு உலோகம் குறைகிறது. மூடிய 5-1310எக்ஸில் கிராஸ் திடமானது, ஆனால் தண்ணீர் புகுந்துவிட்டால் அதை வெளியே தள்ள வழியில்லை. ஓடையைக் கடந்த ஒவ்வொரு முறையும் கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் புகுபவர்களுக்கு நிப்பிள் ரகமே சரி. என் பயணங்களில் தண்ணீரைவிடப் பாறையே அதிகம் என்பதால் மூடிய ரகத்தை எடுத்தேன். ஒரே ஷாஃப்ட் என்பதால் இரு முனைக்கும் சேர்த்தே வாங்கினேன்.

கழற்றும் முன் ஷாஃப்டிலும் யோக்கிலும் பெயிண்ட் கோடு போட்டுக்கொண்டேன். பழைய கிராஸின் ஒரு முனையில், ஊசிகள் பதிந்த பள்ளங்கள் நகத்தில் தடுக்கும் அளவுக்கு இருந்தன. புதியதை வைஸில் அழுத்தி, கப் வெளியேறாமல் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப் போட்டதும் அது விறைப்பாக நின்றது. யோக்கின் காதுகளைப் பித்தளைச் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் கப்கள் சர்க்கிளிப்பில் சரியாக உட்கார்ந்து, கிராஸ் விரலசைவுக்கே திரும்பியது. பின் அச்சுப் பக்கத்துப் பினியன் யோக்கில் கப்களைப் பிடிக்கும் பட்டைகள் இறுக்கும்போது நீள்பவை என்பதால், அவற்றையும் போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டேன்.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. நெடுஞ்சாலை வேகத்தில் மெல்லிய அதிர்வு இன்னும் இருக்கிறது. வண்டியைத் தரையிலிருந்து உயரமாக்கியதால் ஷாஃப்டின் இரு முனைகளின் கோணங்களும் சமமாக இல்லை, ஒரு ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது எழும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்ட முடிவதில்லை. அடுத்து அந்தக் கோணங்களை அளக்க வேண்டும்.