சத்தம் பம்பில், அடைப்பு ஸ்ட்ரெய்னரில்

பம்ப் சத்தம் போட்டால் ஆலையில் எல்லோரும் பம்பைத்தான் பார்ப்பார்கள். பேரிங்கில் கை வைத்துச் சூடு பார்ப்பார்கள், கடைசியாக அலைன்மென்ட் பார்த்த ஃபிட்டர் யார் என்று விசாரணை நடக்கும். நான் ஆலைக்குத் தண்ணீரும் நீராவியும் தரும் யூட்டிலிட்டி பிரிவில் இருந்த காலத்தில் அப்படிப் பிரித்துப் போட்ட பம்புகள் பலவற்றுக்கு நோய் பம்பில் இல்லை. நாலடி முன்னால், பம்புக்குத் தண்ணீர் வரும் சக்ஷன் லைனில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலையில் இருந்தது.

வெல்டிங் கசடு, துரு, கேஸ்கெட் துண்டு என்று எது வந்தாலும் ஸ்ட்ரெய்னர் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை அப்படியே வழியிலேயே வைத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். வலை அடைய அடைய, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வாய்க்கு வரும் அழுத்தம் குறையும். அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் அழுத்தமான ஆவியழுத்தத்துக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் அங்கேயே கொதித்துக் குமிழியாகி, அடுத்த கணம் அழுத்தம் கூடிய இடத்தில் நசுங்கி இரும்பை அரிக்கும். இதுதான் கேவிடேஷன். உள்ளே சரளைக்கல் உருளுவது போன்ற அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். கூடவே மோட்டார் ஆம்பியர் இறங்கி ஆடும், தண்ணீர் வெளியேறும் டிஸ்சார்ஜ் பக்கத்துக் கேஜ் முள் நிற்காது, அப்புறம் தண்டு வழியே கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒழுகும்.

வெந்நீர் பம்புகள் இதில் ரொம்பப் பலவீனமானவை. கடல்மட்டத்தில், தண்ணீரைப் பம்புக்குள் தள்ளும் காற்றழுத்தம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். 30 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் அதில் அரை மீட்டரைக்கூட எடுத்துக்கொள்ளாது. 80 டிகிரி கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து வரும் வெந்நீர்) என்றால் கிட்டத்தட்ட 5 மீட்டர் போய்விடும். ஸ்ட்ரெய்னரின் இரு பக்கத்துக்கும் இடையே 0.2 கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்த வித்தியாசம் என்பது 2 மீட்டர். கூலிங் டவர் பம்ப் கண்டுகொள்ளாத அந்த 2 மீட்டர் கண்டன்சேட் பம்பைக் கொன்றுவிடும்.

அந்த 0.2 கிலோவைப் பார்க்க வழி இருந்ததா என்றால், இல்லை. சக்ஷனில் மாட்டியிருந்தது 0 முதல் 10 கிலோ வரை காட்டும் கேஜ். அங்கே இருக்கும் அழுத்தமே அரைக் கிலோவுக்குக் கீழே. முள் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்தே கிடக்கும். லாக் புக்கில் மட்டும் மூன்று ஷிஃப்டிலும் 0.4 என்று தவறாமல் எழுதியிருக்கும்.

இரண்டு புது கேஜ் கேட்டு இன்டென்ட் எழுதும்போது மூத்த ஃபிட்டர் ஒருவர் தடுத்தார். "சார், ரெண்டு கேஜ் போட்டா ரெண்டும் ரெண்டு பொய் சொல்லும். ஒரே கேஜ் போட்டு ரெண்டு பக்கத்துக்கும் குழாய் இழுத்துடுவோம். பொய் சொன்னாலும் ரெண்டு பக்கமும் ஒரே பொய்தானே?" "சரிண்ணே, அப்படியே செய்வோம்" என்றேன். 0–1 கிலோ கேஜ் ஒன்று, சின்ன வால்வு இரண்டு. ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் உள்ளதைத் திறந்து ஒரு அளவு, அதை மூடி மற்றதைத் திறந்து இன்னொரு அளவு. கழித்துப் பார்த்தால் கேஜின் பிழை தானாகவே அடிபட்டுப் போகும். வலை சுத்தமாக இருக்கும்போது கிடைத்த வித்தியாசத்தை ஸ்ட்ரெய்னர் உடம்பிலேயே பெயின்டால் எழுதிவைத்தோம். ஒப்பிடும்போது பம்ப் அதே அளவு தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் கால்வாசியாகிவிடும், அடைத்த வலையும் சுத்தமானதுபோல் தெரியும்.

தண்ணீர் குறைகிறதே என்று ஆபரேட்டர் டிஸ்சார்ஜ் வால்வை இன்னும் திறப்பது இன்னொரு தொல்லை. ஓட்டம் கூடினால் பம்ப் கேட்கும் சக்ஷன் அழுத்தமும் கூடும், சத்தம் இன்னும் பலக்கும். ஸ்டாண்ட்பை (மாற்று) பம்ப் லைனுக்கு வரும்வரை டிஸ்சார்ஜைக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம். சக்ஷன் வால்வை மட்டும் தொடக்கூடாது.

வலை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று ஸ்டோர்ஸ் வரைக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையின் கண் சுமார் 0.4 மில்லிமீட்டர், 100 மெஷ் 0.15. ஆலையை முதலில் ஓட்டிப் பார்க்கும் கமிஷனிங்கின்போது போடும் நெருக்கமான வலை அந்தச் சில வாரங்களுக்குத்தான். அதை எடுக்க மறந்துவிட்டால் அடைத்து, ஒருநாள் வலையே கிழிந்து இம்பெல்லருக்குள் போகும். தற்காலிகக் கூம்பு ஸ்ட்ரெய்னருக்கு ஃபிளாஞ்சுக்கு வெளியே நீட்டும் கைப்பிடி வைப்பது அது உள்ளே இருப்பது கண்ணில் படத்தான். அந்தக் கைப்பிடியை இடைஞ்சல் என்று வெட்டிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த விஷயம் அணு உலையைக்கூட விட்டதில்லை. 1992 ஜூலை 28 அன்று ஸ்வீடனின் பார்செபெக் நிலையத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு திறந்து, பீய்ச்சிய நீராவி குழாய்களின் கனிமக் கம்பளி உறையைப் பிய்த்தெறிந்தது. அந்தக் கம்பளி அடியிலுள்ள குளத்துக்குப் போய், அவசரகால பம்புகளின் சக்ஷன் ஸ்ட்ரெய்னரை அடைத்தது. எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே அடைத்துவிட்டது. ஸ்வீடன் அதே வகைப் பழைய உலைகள் ஐந்தை நிறுத்தி, ஸ்ட்ரெய்னர்களைப் பெரிதாக்கியது.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்பின் ஸ்ட்ரெய்னரைத் திறக்கும்போது முதலில் டிஸ்சார்ஜை மூட வேண்டும், பிறகுதான் சக்ஷன். மாற்றிச் செய்தால், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கசிகிற பம்பில் டிஸ்சார்ஜ் அழுத்தம் முழுக்க சக்ஷன் பக்கம் வந்து கேஸ்கெட்டைப் பிய்த்துவிடும்.

ஸ்ட்ரெய்னர் கூடையில் விழுந்ததைக் கொட்டிக் கழுவிவிடுவது எங்கள் பழக்கமாக இருந்தது. பிறகு அதை ஒரு தட்டில் போட்டு, பம்ப் நம்பரும் தேதியும் எழுதி ஷிஃப்ட் அறையில் வைக்கச் சொன்னோம். பிவிசி சில்லு வந்தால் கூலிங் டவர் ஃபில் (தண்ணீர் பரவி இறங்கும் தகடுகள்) உடைகிறது. சிவப்பு ரப்பர் வந்தால் எங்கோ ஒரு கேஸ்கெட் பிய்கிறது. டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீர் பம்பின் தட்டில் ஒருநாள் தேன் நிறத்தில் அரை மில்லிமீட்டர் மணிகள் கிடந்தன. தண்ணீரிலிருந்து உப்பைப் பிடிக்கும் ரெசின். டிஎம் பிளான்ட் பொறுப்பாளர் வந்து பார்த்தார். "நம்ம சரக்குதான்" என்றார். அடுத்த ஷட்டவுனில் ரெசின் தொட்டியான மிக்ஸட் பெட்டைத் திறந்தபோது, அடியில் ரெசினை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் நாசில் ஒன்று உடைந்திருந்தது.