தயிர் பக்கெட்டும் ரீஜனல் ரயிலும்

கல்லூரியில் நான்கு வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இப்போது பெர்லினில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். அதே கல்லூரியில் முகம்கூடச் சரியாக நினைவில்லாத ஒருவன் எர்லாங்கனில் இருக்கிறான். மியூனிக்கில் என் வீட்டில் அவனுக்கென்று தனிப் போர்வையே உண்டு. காரணம் ரொம்பச் சாதாரணம். பெர்லினுக்கு ஊர் ஊராக நின்று போகும் ரீஜனல் ரயிலில் போனால், விடியலில் கிளம்பிப் பொழுது சாயத்தான் போய்ச் சேரலாம். ஐசிஇ என்ற அதிவேக ரயில் என்றால் நான்கு மணி நேரம்தான், ஆனால் கடைசி நேரத்தில் டிக்கெட் போட்டால் இரண்டு வாரத்து மளிகைக் காசு கரைந்துவிடும். எர்லாங்கன்காரன் வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.

நான் படிக்க வந்தது 2021 அக்டோபரில். முதல் குளிர்காலம் முழுக்க விடுதி அறை, வகுப்பு, மறுபடி விடுதி அறை. கொரோனா கெடுபிடி வேறு. அடுத்த ஜூனில் அரசாங்கம் 9 யூரோ டிக்கெட் விட்டது. விலைவாசி ஏற்றத்துக்கு நிவாரணம் என்றார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும், மாதம் 9 யூரோ கட்டினால் நாடு முழுக்க எந்த ரீஜனல் ரயிலிலும் டிராமிலும் டவுன் பஸ்ஸிலும் ஏறலாம். எங்கள் கூட்டம் சேர்ந்தது அந்தக் கோடையில்தான். நின்றுகொண்டே போனோம், கழிவறை வாசலில் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு போனோம். ஜெர்மனியில் எனக்குத் தெரிந்த பாதி ஊர்கள் அப்போது பார்த்தவை.

2023 மே மாதம் அதையே 49 யூரோவாக்கி டாய்ச்லான்ட் டிக்கெட் என்று மாதச் சந்தாவாகக் கொண்டுவந்தார்கள். 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. ஒவ்வொரு முறை ஏறும்போதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் புலம்பல் நடக்கும். மாதத்தின் 10ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாதக் கடைசியோடு சந்தாவை நிறுத்தலாம். இதுவரை யாரும் நிறுத்தியதில்லை.

ஆகவே எங்கள் உலகம் இவ்வளவுதான்: மியூனிக்கில் நான், நூரம்பெர்கில் ஒரு தம்பதி, அங்கிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் கொஞ்ச நேரம் போனால் எர்லாங்கன்காரன், இங்கோல்ஸ்டாட்டில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தன், ரேகன்ஸ்பர்கில் அக்கா. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, எங்கள் கல்லூரி சீனியர். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருப்பதால், ரேகன்ஸ்பர்க் போகிறேன் என்று சொன்னால் கரூரில் என் வீட்டில் எந்தக் கேள்வியும் வராது. மற்ற ஊர்களுக்கு "கூட யார் வர்றா? ராத்திரி எத்தன மணிக்கு ரயில்?" எல்லாம் உண்டு.

எங்கள் ஊர்கள் எல்லாம் இருக்கும் பவேரியா மாநிலத்தில் வார இறுதி என்பது சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் நடக்கும் ஒரு பந்தயம். வேறு சில மாநிலங்களில் சூப்பர்மார்க்கெட் 10 மணி வரைகூடத் திறந்திருக்கும். இங்கே சட்டப்படி 8 மணிக்கு அடைத்தாக வேண்டும். ஞாயிறு முழுக்க அடைப்பு. பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும், அங்கே வெங்காயம் வாங்க மனசு வராது. இதனால் விருந்தாளியின் முதல் போன் ரயிலில் இருந்தே வந்துவிடும்.

"தயிர் இருக்கா?"

"இருக்கு. கொத்தமல்லி இல்ல."

"ஏழே முக்காலுக்கு இறங்குறேன். ஓடிப் பாக்குறேன்."

நான் மியூனிக்கில் இருப்பதால் கறி என் பொறுப்பு. ரயில் நிலையத்துக்குத் தெற்கே கோதே தெரு, லாண்ட்வேர் தெருப் பக்கம் துருக்கிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆட்டுக்கறியை எலும்போடு வெட்டித் தரச் சொன்னால் மறு பேச்சில்லாமல் வெட்டித் தருவார்கள். சாதாரண சூப்பர்மார்க்கெட்டில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மாவு அக்காவின் பொறுப்பு. எங்கள் கூட்டத்தில் கிரைண்டர் இருப்பது அவள் வீட்டில் மட்டும்தான். அவளுடைய மாமனார் ஊரிலிருந்து வரும்போது துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது. கல் மட்டுமே அவர் லக்கேஜில் பாதி எடை. ஞாயிறு மாலை கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கிலோ தயிர் பக்கெட்டில் மாவு ஊற்றிக் கொடுப்பாள். இங்கே தயிர் வெள்ளைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் வரும், கைப்பிடியோடு. காலிப் பக்கெட்டை எந்தத் தமிழ் வீட்டிலும் தூக்கிப் போட மாட்டார்கள்.

ஒரு ஜூலை மாதம், அக்கா வீட்டிலிருந்து திரும்பும் ரயில், நல்ல வெயில், பெட்டியில் ஏசி வேலை செய்யவில்லை. லான்ட்ஸ்ஹூட் தாண்டியதும் என் மடியில் இருந்த பக்கெட்டின் மூடி மெதுவாக மேலே எழும்பியது. ஒரு ஓரத்தில் மட்டும் பட்டென்று விட்டுக்கொண்டு, மாவு நுரையாக எட்டிப் பார்த்தது. கைக்குட்டையை வைத்து அமுக்கினேன். அது இன்னொரு பக்கம் கிளம்பியது. எதிர் சீட்டுப் பாட்டி புத்தகத்தை இறக்கிவிட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு "புளித்த மாவா?" என்று கேட்டார். அவரும் வீட்டில் புளித்த மாவில்தான் ரொட்டி சுடுவாராம். அரிசியும் உளுந்தும் என்று சொன்னேன். ஈஸ்ட் போட மாட்டீர்களா, எத்தனை மணி நேரம், உப்பு முன்னாலா பின்னாலா என்று ஃப்ரைசிங் வரும்வரை விசாரணை. குளிர்காலத்தில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை வைக்கிறோம் என்றதும், நானும் அப்படித்தான் என்று தொடையில் தட்டிச் சிரித்தார். இந்த நாட்டில் ரயிலில் முன்பின் தெரியாத ஒருவரோடு நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஞாயிறு காலை யார் வீட்டில் இருந்தாலும் ஒரு காட்சி மாறாது. கோடையில் இங்கே 10 மணி என்றால் ஊரில் மதியம் ஒன்றரை. அங்கே சாப்பாடு முடிந்து எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போடுவார்கள். பால்கனி ஒன்றுதான், போன் ஐந்து. கடைசியில் யார் அம்மா யாரோடு பேசுகிறார் என்றே தெரியாது. என் அம்மா என்னிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட குடு" என்பார்.

"என்ன தம்பி, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"கேமரா அப்படிக் காட்டுதுங்க ஆன்ட்டி."

அவன் எனக்குத் தெரியவே ஐந்து கிலோ ஏறியிருக்கிறான்.

வெளியே சுற்றுவதும் உண்டு. எர்லாங்கனில் 1755 முதல் நடக்கும் பெர்க் திருவிழா, ரேகன்ஸ்பர்கில் கல் பாலம், இங்கே மியூனிக்கிலிருந்து மலைப் பக்கத்து ஏரிகள். ஏரிக்குப் போகும் ரயிலில் ஒரு விசேஷம்: ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு தடவை பிரியும், ஷாஃப்ட்லாஹில் இன்னொரு தடவை பிரியும். எந்தப் பெட்டியில் ஏறினோமோ அந்த ஊர்தான். ஒரு சனிக்கிழமை இங்கோல்ஸ்டாட்காரன் காபி வாங்கப் போய்விட்டு, கதவு மூடும் நேரத்தில் கையில் கிடைத்த பெட்டியில் தாவினான். நாங்கள் டேகர்ன்சே ஏரிக்கரையில் புளிசாதத்தைப் பிரிக்கும்போது அவன் லெங்க்ரீஸிலிருந்து போன் செய்கிறான். அப்பளம் அவன் பையில் இருந்தது என்பதுதான் எங்கள் வருத்தம்.

ஊருக்குப் போய் வருகிறவர் வந்த வாரம் பொடி பங்கீடு. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, மோர் மிளகாய், எல்லாம் ஐந்து பங்கு. நெய் மட்டும் வராது. வெளியிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் பயணப் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது. கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கருவாட்டுக்குத் தடை இல்லை. இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. "நெய் மணக்கும், கருவாடு நாறும், அவங்களுக்கு மூக்கே இல்லையா?" என்கிறார்.

போன வாரம் எர்லாங்கன்காரனுக்கு லைப்சிக்கில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. குழுவில் செய்தி போட்டதும் வாழ்த்துக்கு முன்னாலேயே ஆளாளுக்கு ரயில் ஆப்பைத் திறந்துவிட்டோம். ஹோஃப் என்ற ஊர் வழியாக வர வேண்டும், நடுவில் ரயில் மாற வேண்டும், என் வீட்டுக்கு அரை நாள் பயணம். "ஹோஃப் ரயில் ரேகன்ஸ்பர்க் வழியாத்தான் வருது, நடுவுல எங்க வீட்ல இறங்கிக்கோ" என்று அக்கா உடனே எழுதினாள். அவன் புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இந்தச் சனிக்கிழமை எல்லோரும் நூரம்பெர்கில் கூடுகிறோம், பேசி முடிவெடுக்க. பிரியாணி நான் செய்கிறேன். கறி நாலு கிலோ சொல்லியாயிற்று.