அப்பாவோட வலது பக்கம்

எங்கப்பாவுக்கு மறதி வியாதி வந்துருச்சுன்னு நானும் என் தம்பியும் ஃபோன்லயே பேசி முடிவு பண்ணிட்டோம். எட்டு மாசம் அப்படியேதான் நெனச்சுட்டு இருந்தோம். இத எழுதவே கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இதே கூத்து இன்னும் எத்தன வீட்டுல நடக்குதோ, அதான் எழுதிடலாம்னு.

அம்மா 2021ல போனதுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் அப்பா மாயவரத்துல தனியாத்தான் இருந்தார். ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கிட்டார், பெருசா ஒண்ணும் இல்ல, மணிக்கட்டு சுளுக்கு, ஆனா அதையே சாக்கா வச்சு நான் மடிப்பாக்கத்துக்கு கூட்டிட்டு வந்துட்டேன். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது"ன்னு ஒரு தடவ சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, பெட்டிய எடுத்துட்டு வந்துட்டார்.

இங்க அவருக்கு எந்தக் கொறையும் வைக்கலன்னுதான் நான் நெனச்சேன். தனி ரூம், தனி டிவி, பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி, மாசாமாசம் சுகர், பிபி செக்கப். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். மனுஷன் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிட்டே வந்தார். மாயவரத்துல சாயங்காலம் நாலரைக்கு சட்டைய மாட்டுனார்னா காவிரிக்கரை துலாக்கட்டம் படிக்கட்டுல நாலு பேரோட உக்காந்து எட்டு மணி வரைக்கும் சண்ட போட்டுட்டு வர்ற ஆளு. இங்க பார்க்குக்கு போங்கப்பான்னா "யாரு இருக்கா அங்க"ம்பார். யாராவது சொந்தக்காரங்க வந்தா அஞ்சு நிமிஷம் சிரிச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிடுவார். என் வீட்டுக்காரர்கூட "மாமாவுக்கு நம்ம மேல ஏதாவது கோவமா"ன்னு கேட்டார்.

கேள்வி ஒண்ணு கேட்டா பதில் வேற எங்கயோ போகும். "அப்பா, தயிர் ஊத்தவா?"ன்னா "வயிறா? வயிறு நல்லாத்தான் இருக்கு"ம்பார். பசங்க சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன். சில நாள் ஆபீஸ் டென்ஷன்ல "எத்தன வாட்டிப்பா சொல்றது, செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி"ன்னு கத்தியிருக்கேன். அது மட்டும் அவருக்கு நல்லா கேட்டுருச்சு போல, அன்னிக்கு சாப்பிடல.

அப்புறம் ஒரு பெரிய டாக்டர்கிட்ட போனோம். அவர் மூணு வார்த்த சொல்லி திருப்பி சொல்ல சொன்னார், இன்னிக்கு என்ன கிழம, நூறுல இருந்து ஏழு ஏழா கழிங்கன்னார். முகத்துல மாஸ்க் வேற. அப்பா பாதிக்கு முழிச்சார். நூறுல ஏழு கழிக்கத் தெரியாத ஆளா அவரு, முப்பத்தி நாலு வருஷம் பொதுப்பணித்துறையில பில்லு பாஸ் பண்ணவர். ஆனா மார்க் கம்மி. மறதியோட ஆரம்பமா இருக்கலாம்னு மாத்திர எழுதிக் குடுத்தாங்க. காது கேக்குதான்னு அந்த ரூம்ல யாரும் கேக்கல. நானும் கேக்கல, அத மறைக்கக் கூடாது.

திருப்பம் எங்க வந்துச்சுன்னா, ஐப்பசி கடைசி நாள் கடைமுகத்துக்கு காவிரில முழுக்குப் போட மாயவரம் போனப்ப. வீட்டத் தொறந்து கூட்டிப் பெருக்கி முடிக்கல, அதுக்குள்ள ரைஸ்மில் மாமா வந்துட்டார், அப்பாவோட துலாக்கட்டம் செட்டுல ஒருத்தர். வெயில்ல வந்தவர், ஃபேன் இருக்கறது அப்பாவோட இடது பக்கம், "மாமா இப்படி காத்து வர்ற பக்கமா உக்காருங்க"ன்னு சேர இழுத்துப் போட்டேன். அவர் அந்த சேர தூக்கிட்டுப் போய் வலது பக்கமா போட்டு உக்காந்துட்டு சொல்றார், "அந்தப் பக்கம் உக்காந்தா ஒங்கப்பனுக்கு கேக்காதும்மா."

எத்தன வருஷமா மாமான்னேன்.

"அது ஆச்சு, ரிட்டயர் ஆறதுக்கு முன்னாடியே. இடது காது சுத்தம். வலதும் இப்ப கொறஞ்சு போச்சு, அதனாலதான் நாங்க எல்லாம் மூஞ்சியப் பாத்துப் பேசுவோம். ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்கதான் வீட்டுல எல்லாத்தையும் அவர் கிட்டக்க வந்து திருப்பிச் சொல்லிட்டு இருந்தாங்க, அத நாங்க அம்மாவோட பழக்கம்னு நெனச்சோம். அம்மாவும் அந்த நாலு பேரும் சேந்து இத்தன வருஷமா அவருக்கு காதா இருந்திருக்காங்க. அவங்க அத்தன பேருகிட்ட இருந்தும் பிரிச்சு, நாலாவது மாடில கதவ சாத்தி வச்சுட்டு, அப்பா டல்லா இருக்காரேன்னு நான் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு இருந்தேன்.

சென்னை திரும்பின வாரமே காது டாக்டர்கிட்ட போனோம். மொதல்ல ரெண்டு காதுலயும் அழுக்கு எடுத்தாங்க, அதுலயே கொஞ்சம் தெளிஞ்சுது. அப்புறம் கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு ஹெட்ஃபோன் மாட்டி டெஸ்ட். சத்தம் 55 டெசிபல் இருந்தாத்தான் வலது காதுல விழுது, இடதுக்கு 75. 25க்குள்ள இருந்தா நார்மலாம். அந்த டெஸ்ட் எடுத்த பொண்ணு சொன்ன வெவரம்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. வயசானா மொதல்ல போறது கீச்சுன்னு வர்ற மேல் சத்தம். மேல் வீட்டுல கட்டில் இழுக்குறது கேக்கும், நம்ம வீட்டு குக்கர் விசில் கேக்காது. பேச்சுலயும் அதே கதைதான். அ, ஆ, ஓ எல்லாம் நல்லா விழும், ச, த, க, ப எல்லாம் தேஞ்சு போகும். நான் எனக்குப் புரியற மாதிரி வச்சுக்கிட்டது, உயிரெழுத்து கேக்குது, மெய்யெழுத்து போயிருச்சு. தயிர் வயிறானது அப்படித்தான். கத்துனாலும் பிரயோஜனம் இல்ல, உயிரெழுத்துதான் இன்னும் பெருசா கேக்கும், கூடவே நம்ம கோவமும். பாதிபாதியா விழுற வார்த்தைய மூள இட்டு நெரப்பணும், நாலு பேர் சேந்து பேசுனா அது முடியாது, களைச்சுப் போயிடும், அதான் எந்திரிச்சு உள்ள போறது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஃபோன்ல படிச்சுட்டு இருந்தேன். லான்செட் கமிஷன்னு ஒரு நிபுணர் குழு, 2024ல டிமென்ஷியாவுக்கு, அதான் இந்த மறதி வியாதிக்கு, வாழ்க்கை நெடுக மாத்திக்கக்கூடிய காரணங்கள்னு 14 சொல்லியிருக்காங்க, இந்த 14ஐயும் சரி பண்ணா 45 சதவீதம் கேஸ தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்குன்னு. அதுல காது கேக்காம போறதோட பங்கு மட்டும் 7 சதவீதம், ஆள் சேர்க்கை இல்லாம ஒதுங்கிப் போறது 5 சதவீதம். எங்க வீட்டுல ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வந்திருக்கு. காது மெஷின் மாட்டுனா மறதி வராதான்னா, அப்படி சொல்ல முடியாது. அமெரிக்காவுல 977 பெரியவங்கள மூணு வருஷம் பாத்த ஒரு ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, மொத்தமா பாத்தா மெஷினால வித்தியாசம் இல்ல, ஏற்கனவே ரிஸ்க் அதிகமா இருந்தவங்ககிட்ட மட்டும் ஞாபகம், யோசன எல்லாம் சரியறது 48 சதவீதம் கம்மி. எனக்கு அந்த சதவீதம் எல்லாம் ரெண்டாம்பட்சம். தயிர் தயிரா கேக்கணும், அவ்ளோதான்.

காது மெஷின்னாலே அப்பாவுக்கு ஆகல. கண்ணாடி போட்டா படிச்சவன், மெஷின் போட்டா செவிடனான்னு கேட்டார், நியாயமான கேள்விதான். காதுக்கு 28,000 ஆச்சு, ரெண்டுக்கும் சேத்து 56,000. (வசதி இல்லாத பெரியவங்களுக்கு வயோஸ்ரீன்னு ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கு, 2017ல இருந்து, காது மெஷின், ஊன்றுகோல், பல்செட்டு எல்லாம் இலவசம். 14567ங்கற முதியோர் ஹெல்ப்லைன்ல விசாரிச்சுப் பாருங்க.) மொதல் வாரம் படு மோசம். பேப்பர் திருப்புற சத்தம், சொந்த செருப்பு சத்தம், மிக்ஸி, எல்லாம் மண்டைக்குள்ள கேக்குதுன்னு கழட்டி டிராயர்ல போட்டுட்டார். நெறைய வீட்டுல மெஷின் அங்கயே இருந்துடும். அந்தப் பொண்ணுதான் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஏத்திக்கிட்டே போக சொல்லி, ரெண்டு தடவ சத்தத்த கொறச்சு செட் பண்ணிக் குடுத்துச்சு. எங்களுக்கும் பாடம் நடத்துச்சு, முன்னாடி வந்து, பேர் சொல்லிக் கூப்ட்டு, டிவிய அமத்திட்டு, நிதானமா பேசணும். கிச்சன்ல இருந்து குரல் குடுக்கக் கூடாது.

பேட்டரி மாத்துறது இப்ப அவரோட தனி டிபார்ட்மென்ட். 312ங்கற சைஸ், பிரவுன் கலர் ஸ்டிக்கர். ஸ்டிக்கர உரிச்சா ஒரு நிமிஷம் காத்து படட்டும்னு உள்ளங்கைல வச்சுட்டு கடியாரத்தப் பாத்துட்டே இருப்பார், அப்புறம்தான் உள்ள போடுவார். காலண்டர்ல "பே.மா."ன்னு குறிச்சு வேற வச்சிருக்கார். கவர்மென்ட் உத்தியோகம் போகுமா.

மறதி மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்தியாச்சு. மெஷினோட அதே டெஸ்ட் திரும்ப எடுத்தப்ப நூறுல ஏழ ரெண்டு வரைக்கும் கழிச்சுட்டு "போதுமா சார்"ன்னார். எல்லாம் சரியாயிருச்சான்னா இல்ல, கல்யாண மண்டபத்துல இன்னும் திணறுறார், அம்மா இல்லாததுக்கு எந்த மெஷினும் இல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பத்து நாள் மாயவரம்னு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம்.

பார்க்குக்கும் போக ஆரம்பிச்சுட்டார். போன வாரம் குடை குடுக்கப் போனேன். பெஞ்சுல ஒரு ரயில்வே ரிட்டயர்ட் தாத்தா உக்காந்திருக்கார், அப்பா நேராப் போய் பக்கத்துல உக்காரல, பெஞ்ச சுத்திட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்தார். வீட்டுக்கு வந்ததும் ஏன்ப்பா சுத்திப் போனீங்கன்னேன்.

"அந்தாளுக்கு வலது காது அவுட்டு. மூச்சு விடாம அரசியலே பேசுறான், சகிக்கல." மறுநாள் நாலரைக்கே சட்டைய மாட்டிட்டார்.