பட்டியலில் யார் பெயர்?

நிலக்கரியை நம்பி வாழும் ஊர்களுக்குப் போய், அங்கே வேலை பார்ப்பவர்களின் வருமானம், கடன், நிலம், கைத்தொழில் எல்லாவற்றையும் கேட்டு எழுதி நிபுணர் குழுக்களுக்குக் கொடுப்பது என் வேலை. நிகர பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியே விடும் பசுமைக்குடில் வாயுவின் அளவு உறிஞ்சப்படும் அளவைத் தாண்டாத நிலையை நோக்கி நாடு போகும்போது யாருடைய வேலை போகும், அவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்வது என்று வழிகாட்டும் அறிக்கைகளுக்கு அடிப்படைத் தகவல் இப்படித்தான் போய்ச் சேர்கிறது. 2070-க்குள் அந்த இலக்கை எட்டுவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2070 தூரமாகத் தெரியலாம். ஆனால் பழைய அனல்மின் நிலையங்களின் ஆயுள் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும்.

அறிக்கை எதுவானாலும் அதில் முதலில் வேண்டியது ஓர் எண். இந்த நிலையத்தை மூடினால் எத்தனை பேருக்குப் பாதிப்பு? பயிற்சிக்கு எவ்வளவு, இழப்பீட்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் பெருக்கிப் போடப்படுகிறது. அந்த எண்ணில் விடுபட்டவரைத் தேடிக்கொண்டு பிறகு எந்தத் திட்டமும் வராது. அதனால்தான் ‘நியாயமான மாற்றம்’, அதாவது நிலக்கரியை விடும்போது அதை நம்பியவர்களைக் கைவிடாமல் இருப்பது, பெயர் எழுதும் இடத்திலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவரைச் சந்தித்தேன். கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை மண்வெட்டியால் அள்ளித் திரும்ப பெல்ட்டில் போடுவது அவர் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் சிந்திய கரி குவிந்தால் உருளைகள் சிக்கும், சூடேறும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. எங்கள் படிவத்தில் முதல் கேள்வி ‘பணி வழங்குபவர் பெயர்’, இரண்டாவது ‘பணியில் சேர்ந்த தேதி’. முதல் கேள்வியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

“எந்த கான்ட்ராக்டர் பேரைப் போடறது அம்மா? ஆளு மாறிக்கிட்டே இருக்காங்க. பெல்ட்டு மட்டும் அதே பெல்ட்டுதான்.”

“பழைய சீட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா அண்ணே?” என்று கேட்டேன். வீட்டுக்குள் போய் ஒரு பாலிதீன் கவரைக் கொண்டுவந்தார். உள்ளே கேட் பாஸ்கள். ஓரம் மஞ்சளாகிப் போனவை, புகைப்படம் அழிந்துபோனவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஒப்பந்ததாரர் பெயர். நடுவில் இரண்டு பி.எஃப். சீட்டுகள். மீசை கருகருவென்றிருந்த படத்திலிருந்து நரைத்த படம் வரைக்கும் திண்ணையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். காகிதப்படி பார்த்தால் கடைசி டெண்டர் எடுத்தவரிடம் சேர்ந்த நாள்தான் அவருடைய பணிக்காலத்தின் தொடக்கம். பணிக்காலத்தை வைத்து இழப்பீடு கணக்கிட்டால், பாதி வாழ்நாளை அந்த பெல்ட்டுக்கு அடியில் கழித்த மனிதர் புது ஆள்.

அந்தப் படிவத்தை மாற்றினோம். என்ன வேலை, எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்பது முதலில். சம்பளம் யார் கையால் வருகிறது என்பது அதற்கு அப்புறம். பழைய கேட் பாஸையும் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியையும் ஆதாரமாக ஏற்க வேண்டும் என்றும் சேர்த்தோம்.

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி இந்த விஷயத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். அங்கே பழைய நிலக்கரி மின்நிலையம் 2022 அக்டோபரில் நின்றது. சூரிய மின்சாரம், காற்றாலை, பேட்டரி, பயிற்சி என்று உலக வங்கி கொடுத்த கடனோடு திட்டம் போடப்பட்டது. நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்ற முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், அவர்களை நம்பிக் கடையும் வாடகை வீடும் நடத்தியவர்களுக்கும் அப்படி ஒரு வழி இல்லை. நிலையம் நின்ற பிறகுதான் மாற்று ஏற்பாடுகள் மெல்ல நகர்ந்து வந்தன.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் நடந்தது வேறு. மானியத்தில் ஓடிய நிலக்கரிச் சுரங்கங்களை 2018-க்குள் மூடுவது என்று 2007-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். கையில் பதினோரு ஆண்டு. தரைக்கு அடியில் வேலை பார்த்தவர்கள் 50 வயதிலேயே உதவித்தொகையோடு விலகி, ஓய்வூதியம் வரும்வரை அதை வைத்து ஓட்ட முடிந்தது. இங்கே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ‘சோலார் டெக்னீஷியன் பயிற்சி’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. 48 வயதில் இடுப்பு வலியோடு இருப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சோலார் பேனல்களைப் பொருத்தி முடிக்கும்வரைதான் அங்கே நிறைய ஆள் தேவை. பிறகு துடைக்க, புல் வெட்ட, காவலுக்கு என்று சிலர் போதும். எல்லோருக்கும் புது வேலை தர முடியாது, சிலருக்குக் கௌரவமாக ஓய்வு தர வேண்டும் என்பதை நிபுணர்கள் வெளிப்படையாக எழுத வேண்டும்.

அதே ஜெர்மனியில் 2018-இல் அமைத்த நிலக்கரி ஆணையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடுவது, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ என்று 2019 ஜனவரியில் அது பரிந்துரைத்தது. வாக்குரிமை இருந்த 28 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஒரே வாக்கு, பழுப்பு நிலக்கரி தோண்டும் லவுசிட்ஸ் பகுதியிலிருந்து வந்த ஹன்னலோர வோட்கே என்ற பெண்மணியுடையது. சுரங்கத்தால் மிரட்டப்படும் தன் பக்கத்து ஊர்களுக்கு அறிக்கையில் உறுதியான பாதுகாப்பு இல்லை என்பது அவர் வாதம். அவர் தோற்றார். ஆனாலும் ஊர்க்காரர் ஒருவர் வாக்குரிமையோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். நியாயமான மாற்றத்துக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அரசு, முதலாளி, தொழிலாளர் என்ற முத்தரப்புப் பேச்சை மையமாக வைக்கிறது. நல்ல ஆவணம், நானே பல கூட்டங்களில் எடுத்துப் பேசியிருக்கிறேன். ஆனால் சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்கும் நிலம் கொடுத்த குடும்பத்துக்கும் அந்த மூன்று நாற்காலிகளில் எது?

நம் ஊரில் பழுப்பு நிலக்கரி என்றால் நெய்வேலி. 1962-இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிரந்தரமாக நின்றது. ஆனால் பக்கத்திலேயே புது நிலையம் வந்தது, சுரங்கமும் தொடர்கிறது. அதனால் நிலக்கரியை விட்டுப் போகும் அனுபவம் அந்த ஊருக்கு இன்னும் வரவில்லை.

வரும்போது வேலையோடு தண்ணீரும் கேள்வியாகும். கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு ஏறிவிடும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது. இந்த இறைப்பால்தான் எங்கள் கிணறு கீழே போனது என்று சொல்லும் ஊர்களும் உண்டு. பம்பை நிறுத்தினால் ஒரு ஊருக்குக் கிணறு மேலே வரலாம், இன்னொரு ஊருக்கு வாய்க்கால் காயலாம். சுரங்க வாசலையே மிதிக்காத விவசாயியின் நடவும் சுரங்கத்தை நம்பி இருக்கிறது. வேலை இழப்பை மட்டும் எண்ணும் அறிக்கையில் அவர் எங்குமே வரமாட்டார்.

அடுத்த சுற்றுக்கு நாங்கள் தயாரிக்கும் படிவத்தில் பாசன விவசாயிகளுக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று குழுவில் இன்னும் பேச்சு நடக்கிறது. ‘மறைமுகப் பாதிப்பு’ என்ற தலைப்பில் மட்டும் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தலைப்புக்குக் கீழே போனவற்றுக்கு நிதி ஒதுக்கி நான் பார்த்ததில்லை.