வெளியேறச் சொன்ன வீட்டில் திருட்டு

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயின்போது, வெளியேறும் உத்தரவு வந்த பகுதிகளில் பூட்டிய வீடுகளுக்குள் புகுந்து திருடியதாகப் பலர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் தீயணைப்பு வீரரைப் போல உடையணிந்திருந்தார் என்ற செய்தியை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அரசு சொன்னதை நம்பி, மின்சாரம் இல்லாமல் அலாரமும் ஓய்ந்துபோன வீட்டை விட்டு ஒருவர் கிளம்புகிறார். பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தாரும் இல்லை. அந்த நேரத்துத் திருட்டைச் சாதாரண நாளின் திருட்டோடு சேர்த்து எடைபோட முடியாது என்பதால், கடும் தண்டனையை நான் மனமார ஆதரிக்கிறேன்.

கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 463-ஆம் பிரிவு, அவசரநிலையில் திருடுவதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. சிறைத் தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டாலும் பொதுவாகக் குறைந்தது 180 நாள் சிறையில் இருந்தாக வேண்டும். சிறு திருட்டுக்கு அது 90 நாள். கட்டடம் ஏற்கெனவே சேதமடைந்திருந்தது என்பது மட்டுமே தப்பிக்க வழியாகாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள், மிகச் சரியாக. நீதியின் நலன் கருதி அந்தக் குறைந்தபட்சத்தை நீதிபதி தளர்த்தலாம். இன்னொரு அமெரிக்க மாநிலமான லூசியானாவிலோ அவசரநிலையில் நடக்கும் கொள்ளைக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு சிறை; தளர்வுக்கு இடமில்லை.

இங்கேதான் எனக்குத் தயக்கம். வெள்ளத்தில் சிக்கி, திறந்து கிடக்கும் கடையிலிருந்து குழந்தைக்குப் பால்மாவு எடுக்கும் தாயையும், வண்டியோடு வந்து வீடுவீடாகச் சுருட்டும் கும்பலையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்க வேண்டும்.