குமிழைத் திருகிய தம்பி
நேற்று ராத்திரி புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு டிஜே நிகழ்ச்சி. ஓரமாக நின்றதால் மேசைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் தெரிந்தது. டிஜே தம்பி இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறார், பாட்டு தானாக மாறுகிறது! நடுவில் ஒரு குமிழைத் திருகி முகத்தைச் சுளித்தார் பாருங்கள், சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நாங்கள் எல்லாருமே பிளே பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று கனடாவின் பிரபல மின்னணு இசைக் கலைஞர் டெட்மவுஸ் 2012-லேயே எழுதிவிட்டார். ஜெர்மனியின் மின்னணு இசைக் குழு கிராஃப்ட்வெர்க் தங்களுக்குப் பதிலாக மேடையில் ரோபோ பொம்மைகளையே நிறுத்தியது. அது வெளிப்படையான கூத்து, எனக்குப் பிடிக்கும். இந்தக் குமிழ் நடிப்புதான் உறுத்துகிறது.

கடலூர்ப் பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரியில் ரிதம் பேடை, அதாவது குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவியை, நிஜமாகவே வாசிக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. பாடகர் சரணத்தை மறந்து பல்லவிக்குத் தாவினாலும் குச்சி நிற்காது. அப்புறம் பாடகரைப் பார்த்து ஒரு முறைப்பு முறைப்பார்.