வெள்ளையாகக் கிடந்த கரை

ஒக்கிப் புயலைப் பற்றி ட்விட்டரில் எழுதப்பட்டவற்றைத் திரட்டி நான் வரைந்த முதல் வரைபடத்தில், பதிவுகள் கூடக்கூட இடம் சிவக்கும். நாகர்கோவில் நல்ல சிவப்பு. சென்னை அதைவிடச் சிவப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கடற்கரை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய அந்தப் புயலில் கடலுக்குப் போனவர்களை அதிகம் பறிகொடுத்த ஊர்கள் அவைதாம்.

மடிக்கணினியுடன் அவற்றில் ஒன்றான சின்னத்துறைக்குப் போனேன். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மக்களே, எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்றா இது சொல்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவறு எங்கே என்று தேட மாதங்கள் ஆயின. மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இருளில் கிடந்த ஊர்களில் செல்பேசிக்கு ஏது உயிர்? செய்தி பரவியதோ வாட்ஸ்அப் குரல்பதிவுகளாக. அவை என் நிரலுக்கு எட்டாதவை. ட்விட்டர் பதிவுகளிலும், எங்கிருந்து எழுதப்பட்டது என்று காட்டும் இடக்குறி உள்ளவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதிக்கு, எழுதியவர் தம் ஊர் என்று குறித்திருந்ததையே நம்பியிருந்தேன். டிசம்பர் 7 அன்று கடற்கரை மக்கள் திரண்டு, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குழித்துறையில் ரயிலை மறித்தார்களே, அந்தக் கோபம்கூட என் கணக்கில் குழித்துறையின் கோபமாகவே பதிவாகியிருந்தது.

சொற்களிலும் கோட்டை விட்டிருந்தேன். 'படகு' என்று தேடினேன். அவர்கள் எழுதியது 'வள்ளம்', 'போட்டு'. ஒக்கி, ஓகி, ஓக்கி என்று புயலின் பெயருக்கே பல எழுத்துக்கூட்டல்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து தொழில் செய்பவர்கள் பலர் என்பதால் மலையாளத்திலும் தேடியிருக்க வேண்டும்.

திருத்திய தேடலில் வந்த பதிவுகளைப் படிப்பது எளிதாக இல்லை. காணாமற்போனவரின் படம், பெயர், வீட்டின் தொலைபேசி எண். எல்லோரும் பார்க்கட்டும் என்று போட்டதுதான். ஆனால் தேடுவதற்காகப் போட்டது, ஆராய்வதற்காக அல்ல. பெயர்களையும் எண்களையும் நீக்கிய பிறகே பதிவுகளைக் கணக்கிடத் தொடங்கினேன். சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டவர்களிடம், அந்த வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

அப்போதும் கரையின் பெரும்பகுதி நிரம்பவில்லை. வெள்ளை நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் பூசி, 'தரவு கிடைக்கவில்லை' என்று எழுதி, ஒவ்வோர் ஊரின் பெயரையும் சேர்த்தேன். பெரியவரிடம் மறுபடி காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தவர், வள்ளவிளை இன்னும் கொஞ்சம் மேற்கே வர வேண்டும் என்றார். நகர்த்தினேன்.